கடுக்காமேட்டு உறை

கடுக்காமேட்டு முகாமில் விடிந்ததும் முதலில் கஞ்சி குடிப்பவை வண்டிகள். மனிதர்கள் அப்புறம்தான். அறுபத்துமூன்று வீட்டுவண்டிகளின் பின்பக்கத்திலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பீப்பாய் நிற்கும். அதன் மூடியைத் திறந்து, முந்தின நாள் வடித்த கஞ்சியில் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் அவரவர் பல் துலக்கப் போவார்கள். உள்ளே கரித் தூரிகைகளில் கறுப்பாக, வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்கும் உயிர்ப்படலம் அந்தக் கஞ்சியைத் தின்று மின்சாரம் விடும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரி அதில் மெல்ல நிறையும். சட்டத்தில் அந்தப் பீப்பாய்க்கு உயிர்மின்கலம் என்று பெயர். வாயில் வருவது கஞ்சிக்கலம். உள்ளே இருக்கும் படலத்துக்கு உறை என்று பெயர்.

சித்திரை பிறந்தால் சமவெளியில் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிவிடும். வண்டி வைத்திருப்பவர்கள் மழை வரும்வரை மலைக்கு ஏறிவிடுவார்கள். அரசாங்கம் இதற்கு வெயில்பெயர்வு என்று அழகாகப் பெயர் வைத்து, ஜவ்வாது மலையில் மரம் அடர்ந்த இடங்களாகப் பார்த்து முகாம்களைப் பிரித்துக் கொடுத்திருந்தது. மின்கம்பி மட்டும் கொடுக்கவில்லை. டீசல் இயந்திரத்துக்குக் காட்டில் அனுமதி இல்லை. கூரையில் சூரியத் தகடு பதித்துக்கொண்டு வந்தவர்கள் மர நிழலில் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதன்மேல் மிளகாய் காயப்போட்டார்கள். நிழலுக்காக மலையேறியவர்கள் நிழலைக் குறை சொல்லவும் முடியாதே. அதனால் கஞ்சிக்கலத்தை விட்டால் வேறு கதி இல்லை.

பேட்டரி தீர்ந்தால் இருட்டில் உட்கார்ந்துகொள்ளலாம், அதுவல்ல கவலை. முகாமில் ஒரு சட்டம் இருந்தது. காட்டுத்தீ வந்தால் எல்லா வண்டியும் உடனே ஓடியாக வேண்டும். ஆகவே எந்த வண்டியின் மின்மானியும் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் இழுவை வண்டி வந்து கொக்கி மாட்டி அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த இடம் காத்திருக்கும் வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். அந்த வருஷம் திரும்ப ஏற முடியாது.

பொற்கொடியின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இருபதுதான். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வேலூரில் இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவள். படியில் ஒருத்தன் தொங்கினாலும் வண்டியை எடுக்க மாட்டாள்; கீழே இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுத்தான் எடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கும் ஒரு பயம் இருந்தது. அவள் கணவர் தணிகாசலம் தையல்காரர், பூஞ்சை உடம்பு. இரண்டு வருஷத்துக்கு முன் அடிவாரத்து மின்னேற்ற நிலையத்தில் வரிசையில் நின்றபோது வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்தார். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்கு முன்னால் அவரைக் கீழே இறக்குவதும் கொல்வதும் ஒன்றுதான்.

அந்த வரிசைக்கு அவர்கள் ஏன் போக வேண்டி வந்தது என்பதை நினைத்தாலே பொற்கொடிக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். கஞ்சிக்கலத்தைச் செய்து விற்பது அமுதமின் என்ற நிறுவனம். அதன் உறை, வில்லை வடிவத்தில் காய்ந்து வரும். கஞ்சியில் போட்டால் உயிர் பிடிக்கும். சரியாக நாற்பதாம் நாள் செத்துவிடும். அப்படிச் சாகும்படிதான் அதை வளர்த்திருந்தார்கள். செத்தால்தானே அடுத்த வில்லை விற்கும். போதாததற்கு அது சமவெளிச் சூட்டில் பழகிய உறை. மலைக் குளிர்ச்சியில் சோம்பிப் படுத்துக்கொள்ளும். நாலு நாளுக்கு ஒருமுறை எல்லோரும் அடிவாரத்துக்கு இறங்கி, கொதிக்கும் வெயிலில் வரிசையில் நின்று பேட்டரியை நிரப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. குளிர்ச்சிக்காக மலையேறி, குளிர்ச்சியில் இருப்பதற்காக வெயிலில் நின்ற கூத்து அது.

போன வருஷம் அந்தக் கூத்து முடிவுக்கு வந்தது. பொற்கொடியின் பீப்பாய் மூடியில் விரிசல் விட்டது. புதுமூடிக்கு அடிவாரம் போக வேண்டும். அவள் போகவில்லை. ஓடையில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் பக்கமாகப் போய்க் கறுப்புச் சேற்றை அள்ளி வந்து, பானையின் வாயை மண் பூசி அடைப்பதுபோல விரிசலில் அப்பிவிட்டாள். அதில் ஒரு கை சேறு உள்ளே விழுந்தது. உள்ளே இருந்த உறை செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இனிமேல் என்ன கெட்டுவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் மின்மானி முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் தொண்ணூறு. நாற்பதாம் நாள் வந்தது, போனது. அந்த உறைக்கு அப்படியொரு நாள் இருப்பதே தெரியவில்லை.

பக்கத்து வண்டி ரஹமத்துன்னிசா, எல்லோருக்கும் நிசா, ஆம்பூர்க்காரி, மறுநாளே டம்ளரோடு வந்து நின்றாள். "அக்கா, ஒரு கரண்டி உறை குடேன்." தயிருக்கு உறைமோர் கேட்பதுபோலத்தான் கேட்டாள், அதுபோலவே பொற்கொடியும் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் முகாம் முழுக்க அந்த உறைதான். டம்ளர்கள் வெறுமனே திரும்பி வரவில்லை. ஒன்றில் நாலு பச்சைமிளகாய், ஒன்றில் ஒரு பிடி சர்க்கரை. யாரும் அடிவாரத்துக்குப் போகவில்லை. தணிகாசலம் மரத்தடியில் தையல் இயந்திரத்தைப் போட்டு முகாமுக்கே துணி தைத்துக்கொண்டு இரண்டு கிலோ எடை கூடினார்.

இந்த வருஷம் சித்திரை பத்தாம் தேதி ஒரு வெள்ளை வண்டி மலையேறி வந்தது. அதில் அமுதமின் நிறுவனத்தின் உறைக் கண்காணிப்பாளர் இருந்தான். இளஞ்சேரன் என்று பெயர், பொள்ளாச்சிப் பக்கம், முப்பது வயசு இருக்கும். தேனாகப் பேசினான். ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தான். பொற்கொடியின் பீப்பாயில் அதிக நேரம் பார்த்தான்.

"இதுல இருக்கறது எங்க உறை இல்லீங்க்கா."

"அது எனக்குத் தெரியாதா? உங்க உறை நாப்பதாம் நாளே செத்துப் பூட்ச்சே."

"கலம் வாங்கறப்ப கையெழுத்துப் போட்டிருப்பீங்களே. இதுக்குள்ள எங்க உறையத் தவர வேற எதையும் வளத்தக் கூடாதுங்க."

"நான் துட்டு குடுத்து வாங்கின பீப்பா. அதுல நான் எத்த வளத்தா உனக்கு இன்னா?"

"பீப்பா உங்களுதுதானுங்க. அதுக்குள்ள உசுரு வளக்கற உரிமை மட்டும் எங்களுதுங்க."

இதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்புகூட வரவில்லை. பொற்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வாடகைக்கு வயிறு கொடுத்தவளிடம் பேசுவதுபோல அல்லவா பேசுகிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவன் பின்னால் முகாம் அலுவலர் கையில் ஆணையோடு நின்றார். அறுபத்துமூன்று பீப்பாயிலும் கொல்நீர் ஊற்றினார்கள். நீல நிறத் திரவம். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கறுப்புப் படலம் சாம்பலாக உரிந்து மேலே மிதந்தது. ஆளுக்கொரு புது வில்லையைக் கையில் கொடுத்தான் இளஞ்சேரன். கொல்நீருக்குச் சாகாத உறை அது என்று பெருமையாக வேறு சொன்னான்.

சாகவில்லைதான். வேலையும் செய்யவில்லை. பொற்கொடியின் மின்மானி முதல் நாள் எழுபத்தொன்று. நாலாம் நாள் நாற்பது. எட்டாம் நாள் இருபத்தொன்பது. விளக்கை அணைத்தாள், விசிறியை அணைத்தாள், கடைசியில் தணிகாசலத்தின் தையல் இயந்திரத்தையும் நிறுத்தினாள். அப்படியும் நிற்கும்போதே வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தன. அடிவாரத்துக்குப் போய் நிரப்பலாம் என்றால், அவரைத் தனியாக மலையில் விட முகாம் சட்டம் இடம் தராது; வண்டி இறங்கினால் அதில் பதிவானவர்களும் இறங்க வேண்டும்.

ஒரே ஒரு சொம்பு உறை மட்டும் தப்பியிருந்தது. நிசாவின் தங்கை கேட்டிருந்தாள் என்று முந்தின நாளே எடுத்து ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்தது. பொற்கொடி அதில் பாதியைத் தன் பீப்பாயில் ஊற்றிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் சாம்பலாக மிதந்தது. கொல்நீர் கரியில் ஊறிப்போயிருந்தது. எந்தப் பீப்பாயில் ஊற்றினாலும் இதே கதிதான். மீதிப் பாதிக்குத் தினமும் கொஞ்சம் கஞ்சி ஊற்றி அதைச் சொம்பிலேயே காப்பாற்றினாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் இளஞ்சேரன் அவள் வண்டிக்கு வந்தான். நிசாவும் அங்கேதான் இருந்தாள். அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. புது உறை பிடிக்கிறதா என்று பார்க்க முகாமிலேயே தங்கியிருந்தவன், தன் வண்டியில் குளிர்சாதனத்தைத் தாராளமாக ஓட்டியிருக்கிறான். அவன் கலத்திலும் அதே சோம்பேறி உறைதான். மின்மானி பதினாறு. நிறுவனத்துக்குப் பேசினால், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மலை இறங்கறதுக்குக்கூட பத்தாதுங்க்கா. நாளைக்கு என்னையுங் கொக்கி போட்டு இழுத்துட்டுப் போயிருவாங்க. வேலையும் போயிருமுங்க. உங்ககிட்ட கொஞ்சம் பழைய உறை இருக்குதுன்னு சொல்றாங்க."

"யார் சொன்னது?"

அவன் நிசாவைப் பார்த்தான். நிசா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "நான்தான்க்கா சொன்னேன். கோவப்படாத, யோசிச்சுப் பாரு. இந்த முகாம்லயே அவன் பீப்பா ஒண்ணுதான் சுத்தமா கீது. அதுலதான் அந்த விஷத்த ஊத்தல. உன் சொம்புல இருக்கறது பொழைக்கணும்னா அங்கதான் பொழைக்கும்."

பொற்கொடிக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. அத்தனை பேர் வயிற்றிலும் அடித்தவன், தன் பீப்பாயை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு, அந்தச் சுத்தத்தையே காட்டிப் பிச்சைக்கு வருகிறான். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டாள். இளஞ்சேரன் நின்று கேட்டுக்கொண்டான். உள்ளே படுத்திருந்த தணிகாசலம் மெதுவாக இருமினார்.

"வெளக்கு வெச்சாச்சி," என்றாள் பொற்கொடி. "வெளக்கு வெச்சப்புறம் எங்க வீட்ல உறை குடுக்கற வழக்கம் இல்ல. காலைல வா."

காலையில் முகாமே வெள்ளை வண்டியைச் சுற்றி நின்றது. பொற்கொடி சொம்பைக் கவிழ்த்தாள். இளஞ்சேரன் தானே கஞ்சி கொண்டுவந்து ஊற்றினான். அன்றைக்கே முகாம் அலுவலரைப் பார்த்து, ஆய்வு இன்னும் முடியவில்லை என்று எழுதிக்கொடுத்து எல்லா வண்டிக்கும் நாலு நாள் தவணை வாங்கினான். சுண்ணாம்புத் தண்ணீரில் மூன்று தடவை ஊறவைத்தால் கொல்நீர் முறிந்துவிடும் என்ற நிறுவன ரகசியத்தையும் அவனே சொன்னான். ஓடைக்கரையில் அறுபத்துமூன்று பீப்பாயையும் கவிழ்த்து எல்லோரும் தேய்த்தார்கள். ஐந்தாம் நாள் வெள்ளை வண்டியின் பீப்பாயில் உறை கெட்டியாகப் படர்ந்திருந்தது. வரிசையாக வந்து ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் எடுத்த பிறகு பொற்கொடி தன் பங்கை எடுத்தாள். அப்போது அவள் மின்மானி இருபத்தொன்று.

இளஞ்சேரன் போகும்போது அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். பொற்கொடியும் சும்மா இருக்காமல் வழிக்கு இருக்கட்டும் என்று ஒரு பாட்டில் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வைகாசி பிறந்ததும் அமுதமின் ஒரு புது உறையைச் சந்தைக்கு விட்டது. பெயர் மலையமுதம். மலையிலும் வேலை செய்யும், கொதிக்கும் சமவெளியிலும் வேலை செய்யும், நிறுவனத்தின் கள ஆய்வில் கண்டறியப்பட்டது என்று விளம்பரம். இதற்கும் நாற்பது நாள் ஆயுள் வைக்கப் போகிறார்கள், அந்த வேலை இன்னும் முடியவில்லை, அதுவரை அப்படியே விற்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். உறை பெருகுவதற்கு ஓர் இரவு போதும். இரண்டே வாரத்தில் ஏழு மாவட்டத்தில் வீடு, கடை, ஆஸ்பத்திரி, அலுவலகம் எல்லாவற்றின் விசிறியும் அதில்தான் சுற்றியது. அதற்கடுத்த வாரம் பொற்கொடிக்கு உயிர்க்கல உரிமைத் தீர்ப்பாயத்திலிருந்து ஓலை வந்தது. அவள் கலத்தில் இருக்கும் உறையும் மலையமுதமும் அணுவளவும் மாறாமல் ஒன்றாக இருக்கின்றனவாம். நிறுவன வாகனத்திலிருந்து அதை அவள் திருடியிருக்கிறாளாம்.

படித்துக் காட்டியது தணிகாசலம்தான். பொற்கொடி அந்தத் தாளை வாங்கி, தான் வேறு ஏதாவது படித்துவிட மாட்டோமா என்பதுபோல இன்னொரு முறை படித்தாள். பிறகு யாரிடமும் பேசாமல் ஓடைப் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். தாங்க முடியாத கோபம் வந்தால் அவளுக்குச் சத்தம் வராது.

முதல் விசாரணை வைகாசி கடைசியில் முகாமின் பொதுக்கூடாரத்துத் திரையில் நடந்தது. சமவெளியில் இருக்கும் தீர்ப்பாயத்தில் நடுவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். நிறுவன வழக்கறிஞர் முகாம்வாசிகளை ஒவ்வொருவராகக் கேட்டார். சித்திரை இருபத்துநாலாம் தேதி யாருடைய பீப்பாயிலிருந்து உறை எடுத்தீர்கள்? நிசா விழித்தாள். பொய் சொல்ல முடியாது. "கம்பெனி வண்டிலருந்துதான் எடுத்தோம்," என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில் பொற்கொடியிடம் வந்தார்கள்.

"நீங்களும் அன்றைக்கு நிறுவன வாகனத்திலிருந்து எடுத்தீர்களா இல்லையா?"

"எடுத்தேன். அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி நான்தான் அதுல ஊத்தினேன்."

"ஊற்றியதற்கு ரசீது இருக்கிறதா?"

"உறைமோர் குடுக்கறதுக்கு எவனாவது ரசீது போடுவானாய்யா? உங்க வீட்ல போடறாங்களா? எல்லாரையும் கேட்டுட்டு எனக்கு இன்னிக்கே தீர்ப்பு சொல்லுங்க. திருடின்னு பேர் வாங்கிக்கினு ஒரு நாள்கூட என்னால உக்கார முடியாது."

நடுவர் அடுத்த மாதத்துக்குத் தேதி குறித்தார். தீர்ப்பு வரும்வரை இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும், யாருடைய கலத்தையும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவிட்டார். பொற்கொடி கூடாரத்தை விட்டு வெளியே வந்து, இவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டு இழுத்தடிக்கிறார்கள் என்று இரண்டு நாள் பொருமினாள்.

ஆனி மாத விசாரணைக்கு இளஞ்சேரன் வந்தான். நிறுவனம் அவனுக்கு ஒரு விருது கொடுத்திருந்தது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் வந்தான். வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்திருந்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"அந்தக்காதானுங்க குடுத்தாங்க. நான் கேட்டு வாங்குனேன். நான் எதையுங் கண்டுபுடிக்கலீங்க."

கூடாரத்தில் யாரோ விசிலடித்தார்கள். பொற்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"அப்படியானால் இந்த உறை இந்த அம்மாவுடையது," என்றார் மெதுவாக. "ஆனால் இவரிடம் உரிமம் இல்லை. தனியாருக்கு உரிமம் கொடுக்கும் விதியே இந்தச் சட்டத்தில் கிடையாது. பதினான்காம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், உரிமம் இல்லாத உறை எந்தக் கலத்தில் இருந்தாலும், யாருடைய கலமாக இருந்தாலும், ஒரே நாளில் கொல்நீர் ஊற்றி அழிக்கப்பட வேண்டும்."

அந்தப் பதினான்காம் பிரிவை அரசாங்கத்திடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்க்கவைத்ததே அமுதமின்தான். வழக்கறிஞரின் முகம் வெளுத்துப்போனது. நிறுவனத்தின் கிடங்கில் இருப்பது அத்தனையும் இந்த உறை. ஏழு மாவட்டத்து விசிறிகளும் இதில் சுற்றுகின்றன. நடுவரின் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த விசிறியும் இதில்தான். வழக்கறிஞர் அவசர அவசரமாக எழுந்து வாய்தா கேட்டார். கொடுக்கப்பட்டது.

அன்றைக்குப் பொற்கொடி சந்தோஷமாகத்தான் இருந்தாள். மாட்டிக்கொண்டான் பார் என்று நிசாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தணிகாசலம் கேட்டார்.

"எந்தக் கலத்துல இருந்தாலும்னு சொன்னாரே. அதுல நம்பளுது சேத்தியா?"

பொற்கொடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். சேர்த்திதான். அவள் தோற்றால் அவளுடையது திருட்டு உறை, அதில் கொல்நீர் ஊற்றுவார்கள். அவள் ஜெயித்தால் அவளுடையது உரிமம் இல்லாத உறை, அதிலும் கொல்நீர்தான் ஊற்றுவார்கள். கூடவே ஏழு மாவட்டத்திலும் ஊற்றுவார்கள். எப்படியும் மின்மானி இறங்கும், எப்படியும் கொக்கி வரும். இந்த மனிதர் சம்மணமிட்டு உட்கார்ந்து ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது, தீர்ப்பு வராமல் இருக்கும்வரைதான். என்ன சட்டம் எழுதியிருக்கிறார்கள் பாவிகள் என்று அவளுக்கு வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல் இருந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

ஆடி இருபதாம் தேதி மூன்றாவது விசாரணை. மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடிவாரத்தில் ஐம்பத்திரண்டு டிகிரி என்று காலையில் சொன்னார்கள். நடுவர் முன்னால் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

"முதல் விசாரணையிலேயே இந்த அம்மா தீர்ப்புதான் கேட்டார். இன்றைக்கு எழுதி முடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்," என்றார். அவர் பொற்கொடியைப் பார்த்த பார்வையில் கனிவு இருந்தது. "அவர் மனம் குளிரும்படிதான் எழுதியிருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்வதில் தப்பில்லை. திருட்டுப் பட்டத்தை நீக்கி, நிறுவனத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறேன். பதினான்காம் பிரிவை மட்டும் என்னால் மாற்ற முடியாது. அது என் கையில் இல்லை."

வழக்கறிஞர் எழுந்து வாய்தா கேட்டார். ஒரு தரப்புக்கு ஒரு வாய்தாதான் உண்டு, நீங்கள் வாங்கிவிட்டீர்கள், உட்காருங்கள் என்றார் நடுவர். வழக்கறிஞர் உட்காரவில்லை. திரை வழியாகப் பொற்கொடியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நிறுவனத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களும் அவளையே பார்த்தார்கள்.

பொற்கொடி திரையில் தெரிந்த தாள்கட்டைப் பார்த்தாள். அவள் திருடி இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. ஊரறிய, அரசாங்க முத்திரையோடு எழுதியிருக்கிறது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் ஒரு புகார் வாங்காதவள், இரண்டு மாதமாக அதற்காகத்தான் தூங்காமல் கிடந்தாள். கூடாரத்தில் எல்லோரும் அவள் கை தட்டுவாள் என்று காத்திருந்தார்கள். பின்வரிசையில் தணிகாசலம் நிசாவின் பையனுடைய சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் அறுந்தது. அவர் நூல் முனையை நாக்கில் நனைத்து மறுபடி கோத்தார்.

அவள் எழுந்தாள்.

"ஐயா, எனக்கு வாய்தா வேணும்."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது அம்மா. புரிந்துதான் பேசுகிறீர்களா?"

"புரியுதுங்க ஐயா."

"என்ன காரணம் என்று எழுத?"

"இன்னும் மழ வரலீங்க ஐயா."

நடுவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தாள்கட்டை நாடாவால் கட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆவணி கடைசியில் ஒரு தேதியை எழுதினார். நிறுவனத்து ஆட்கள் பெருமூச்சு விட்டது கூடாரம்வரை கேட்டது. வழக்கறிஞர் திரைக்கு வெகு அருகில் வந்து, இரண்டு கைகளையும் கூப்பி, "ரொம்ப நன்றிம்மா, எங்க எல்லாரையும் காப்பாத்திட்டீங்க," என்றார்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறாள் பொற்கொடி. அவளை யாரும் இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை.